ரம்பம் பொருந்தும் இலை: ரம்ப ஈக்களின் குலமும் அவை தின்னும் செடிகளும்

கடுகு விதைத்து மூன்று வாரம். நாற்றில் நான்கைந்து இலை வந்திருக்கும். இலையில் ஓட்டைகள், விளிம்பில் தோல் சுருங்கிய கரும்பச்சைப் புழுக்கள். விரல் பட்டதும் சுருண்டு தரையில் விழுந்து செத்ததுபோல் கிடக்கும். இதை அந்துப்பூச்சியின் புழு என்று எண்ணி, முட்டைகோசுப் புழுவுக்கு அடிக்கிற பி.டி. என்ற பாக்டீரிய மருந்தையே அடிப்பவர்கள் உண்டு. புழு சாகாது. மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பாக்டீரியப் புரதம் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். கடுகு இலையில் இருப்பதோ குளவிக்கும் தேனீக்கும் உறவுக்காரப் புழு: அத்தாலியா லூஜென்ஸ் புராக்ஸிமா, கடுகு ரம்ப ஈ.

பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். வயிற்றுப் பகுதியில் சதைப்பிடிப்பான போலிக்கால்களை எண்ண வேண்டும். அந்துப்பூச்சிப் புழுவுக்கு அதிகம் போனால் ஐந்து ஜோடி. அவை வயிற்றின் மூன்றாவது வளையத்துக்கு முன்னால் இருக்காது, அடியில் நுண்ணிய கொக்கிகள் இருக்கும். இலைமேல் திரியும் ரம்ப ஈப் புழுவுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு ஜோடி. இரண்டாவது வளையத்திலேயே தொடங்கிவிடும், கொக்கி கிடையாது. கண்ணும் வேறு: அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தலையின் இருபுறமும் சிறு கண்கள் கூட்டமாக இருக்கும், இதற்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, கரும்புள்ளி வைத்ததுபோல. எண்ணிக்கையை வைத்துக் குடும்பத்தைக்கூட ஓரளவு ஊகிக்கலாம். கடுகிலும் பைனிலும் இருப்பவற்றுக்கு எட்டு ஜோடி, வில்லோ மரத்தில் மேயும் நெமட்டினே கிளைக்கு ஏழு. ஊசியிலைகளைப் பட்டுநூலால் கட்டி உள்ளே வாழும் பாம்ஃபிலியிடே குடும்பத்துக்குப் போலிக்காலே இல்லை.

கடுகு வயலுக்கு வழி எளியது. நாற்றுப் பருவத்தில் தண்ணீர் பாய்ச்சினால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது, விழுந்து கிடக்கும் புழுக்கள் மூழ்கிச் சாகும். அவை காலையிலும் மாலையிலும்தான் மேயும் என்பதால் கையால் பொறுக்குவதும் அப்போதுதான். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் கோடை உழவு அடுத்த ஆண்டுக்கு உதவும்.

‘ரம்ப ஈ’ என்பது ஆங்கிலத்திலிருந்து புத்தகம் வழியாக வந்த பெயர். அதில் பாதி தவறு. ஈக்கு இரண்டு இறக்கை, இதற்கு நான்கு. குளவி, தேனீ, எறும்பு அடங்கிய ஹைமனாப்டீரா வரிசையைச் சேர்ந்தது, ஆனால் குளவியின் இடுப்பு இதற்கு இல்லை. மார்பும் வயிறும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்கும். இந்த ஒட்டலை வைத்தே 1867இல் பூச்சியியலாளர் கெர்ஸ்டேக்கர் ‘சிம்ஃபைட்டா’ என்ற துணைவரிசையை அமைத்தார். இடுப்பு உள்ளவை எல்லாம் ஒரு பக்கம், இல்லாதவை எல்லாம் இன்னொரு பக்கம். பார்க்க ஒழுங்காக இருந்தது, நூறாண்டுக்கு மேல் பாடப்புத்தகத்திலும் நின்றது.

சிக்கல் என்னவென்றால், ‘இடுப்பு இல்லை’ என்பது உறவுக்குச் சான்று ஆகாது. ஒரு கூட்டுக்குடும்பத்தில் வெளியூர் போன ஒரு தம்பியின் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு, ஊரில் இருப்பவர்களையெல்லாம் ஒரு குடும்பம் என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஊரில் இருக்கும் ஒருவர் அந்தத் தம்பிக்கு உடன்பிறந்தவராக இருப்பார், ஆனால் பட்டியல் அவரைத் தூரத்துச் சித்தப்பாவோடு சேர்த்திருக்கும். ரம்ப ஈக்களில் அந்த ஆள் ஒரூசிடே குடும்பம். எல்லாக் குளவி, தேனீ, எறும்புக்கும் மிக நெருங்கிய உறவு அதுதான். ஆகவே சிம்ஃபைட்டா இன்று வசதிக்காகச் சொல்லும் பெயர், கிளையின் பெயரல்ல. 2010இல் டேகர், பிளாங்க், லிஸ்டன் மூவரும் வெளியிட்ட உலகப் பட்டியலில் 8353 இனங்கள் உண்டு. ஹைமனாப்டீரா முழுவதிலும் விவரிக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

பெயரில் சரியாக இருக்கும் பாதி, ரம்பம். பெண் பூச்சியின் வயிற்று நுனியில் மடித்து வைத்த பேனாக்கத்திபோல ஒளிந்திருக்கும். மேலே தண்டவாளம்போல ஒரு தகடு, அதில் சறுக்கும் பல்வைத்த இரண்டு அலகுகள் கீழே. ஒன்று முன்னால் போகும்போது மற்றொன்று பின்னால் வரும். இப்படி மாறி மாறி இழுத்து இலைத்திசுவில் ஒரு பை வெட்டி அதற்குள் முட்டையை வைக்கிறது. முட்டை காய்ந்த பொருளல்ல. சுற்றியுள்ள உயிருள்ள திசுவிலிருந்து நீரை உறிஞ்சி ஊதிப் பருக்கும். வெட்டு ஆழமானால் திசு செத்து முட்டையும் காயும். ஆழம் போதாவிட்டால் முட்டை வெளியே தள்ளப்படும். ஆக, புழு அந்தச் செடியைத் தின்னுமா என்பதற்கு முன்பே, தாயின் ரம்பம் அதில் பொருந்துமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. ரம்ப ஈக்களின் வரலாற்றைப் படிக்க இதுவே நல்ல பிடி என்பது என் கணிப்பு. செடியின் வேதியியலைப் பற்றி எழுதப்பட்ட அளவு செடியின் தடிமனைப் பற்றி எழுதப்படவில்லை.

பைன் மரத்தில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். வட அமெரிக்காவின் நியோடிப்ரியான் பேரினத்தில் லெகான்டெய், பைனீட்டம் என்ற நெருங்கிய இரண்டு இனங்கள். முதலாவது தடித்த ஊசியுள்ள பைன்களில் முட்டையிடும், ஒரே ஊசியில் நெருக்கமாகப் பல முட்டை. இரண்டாவது வெள்ளைப் பைனுக்கே உரியது. அதன் ஊசி நூல்போல மெலிந்தது, ஐந்தைந்தாகக் கட்டியிருக்கும். அதற்கேற்ப பைனீட்டத்தின் ரம்பம் சிறியது. ஓர் ஊசிக்குச் சில முட்டை மட்டும். முட்டை வைக்கும் முன் வெறுமனே சில கீறல் போட்டுவைக்கிற பழக்கமும் உண்டு, பிசின் அதன் வழியே வடிந்துபோகட்டும் என்பதற்காக இருக்கலாம். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் லின்னன் குழுவினர் இரண்டையும் கலந்து கலப்பினப் பெண்களை வளர்த்தார்கள். அவை தேடிப்போனது மெல்லிய ஊசி வெள்ளைப் பைனை. ஆனால் முட்டையிடும் முறை அதற்கு ஒத்துவரவில்லை. ஊசி தாங்காமல் காய, முட்டைகள் வீணாயின. கலப்பினம் ஆரோக்கியமாகத்தான் இருந்தது, அதன் விருப்பம் ஒரு பக்கமும் கருவி இன்னொரு பக்கமும் போய்விட்டன. இரு இனங்களும் ஒன்றாகக் கலந்துவிடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசியின் பருமன் வேலியாக நிற்கிறது.

இனி காலக்கணக்கு. 2017இல் பீட்டர்ஸ் முதலானோர் 173 பூச்சியினங்களில் 3256 மரபணுக்களை ஒப்பிட்டு, ஹைமனாப்டீராவின் தொடக்கம் சுமார் 28 கோடி ஆண்டுக்கு முன், பெர்மியன் காலத்தில் என்று கணித்தார்கள். பூக்கும் தாவரங்கள் பெருகத் தொடங்கியது அதற்குப் பல கோடி ஆண்டு கழித்து, கிரெட்டேசியஸில். அப்படியானால் முதல் பாதிக் கதை முழுவதும் பூ இல்லாத காட்டில் நடந்தது. தொல்லெச்சமும் அதைத்தான் காட்டுகிறது. மிகப் பழைய ஹைமனாப்டீரா எச்சங்கள் ஸைலிடே குடும்பத்துடையவை, மத்திய ஆசியாவில், பெர்மியனுக்கு அடுத்து வந்த டிரயாசிக் காலப் பாறைகளிலேயே கிடைக்கின்றன. சைபீரியாவின் பைசா என்ற இடத்தில், கிரெட்டேசியஸ் தொடக்கத்தைச் சேர்ந்த சில ஸைலிடுகளின் குடலில் மகரந்தம் அப்படியே தங்கியிருந்தது. ரஷ்யத் தொல்லுயிரியலாளர் ரஸ்நிட்சினும் தொல்தாவரவியலாளர் கிராசிலோவும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பூவாத விதைத்தாவரங்களின் மகரந்தம்.

இன்று உயிரோடிருக்கும் ஸைலா புழு பைனின் ஆண் கூம்புக்குள் மகரந்தம் தின்று வாழ்கிறது. கூம்பு திறந்து உதிர்வதற்குள் வளர்ந்து முடிக்க வேண்டும், இருப்பது சில வாரமே. ‘பழைய பூச்சி பழைய மரத்திலேயே இருக்கிறது’ என்று இதை மேற்கோள் காட்டுவது வழக்கம். ஆனால் அதே குடும்பத்தின் மேக்ரோஸைலா எல்ம் மரத்தில் இருக்கிறது, மெகாஸைலா வால்நட் குடும்ப மரங்களில். பூக்கும் மரத்துக்குத் தாவ இந்தப் பழங்குடும்பமும் தயங்கவில்லை.

பெரணியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிளாஸ்டிகோடோமிடே என்ற சிறு குடும்பம் பெரணியின் இலைக்காம்புக்குள் வாழ்கிறது, துளை வாயில் நுரை கட்டும். இலைதின்னும் ரம்ப ஈக்களின் பெருங்கிளைக்கு அதுவே அடியில் பிரிந்த கிளை. சரி, பெரணி தின்பது ஆதிப்பழக்கம் என்று சொல்லத் தோன்றும். செலாண்ட்ரியினே கிளையிலும் பெரணி தின்னிகள் நிறைய. ஆனால் அவை நிற்கும் இடம் வம்சவரைபடத்தின் நடுவில், பூக்கும் தாவரம் தின்னும் உறவினர்களுக்கு இடையில். அங்கே பெரணி பின்னால் வந்த தேர்வு. செடி பழையது என்பதால் அதைத் தின்னும் பழக்கமும் பழையதாகிவிடாது.

செடியும் பூச்சியும் கைகோத்து ஒன்றாகப் பிரிந்தன, இரண்டின் வம்சவரைபடமும் கண்ணாடிபோல ஒத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு எங்கே உடைந்தது என்றால், வில்லோவில். கிரிக்கெட் மட்டை செய்கிற மரக் குடும்பம். வில்லோ வடக்கே போகப் போகப் பெருகும், நெமட்டினே ரம்ப ஈக்களும் அப்படியே. பெரும்பாலான பூச்சிக் கூட்டங்கள் வெப்பமண்டலத்தில்தான் செழிக்கும், இவை தலைகீழ். நம் ஊரில் ரம்ப ஈ அதிகம் கண்ணில் படாததற்கு இதுவும் காரணம்.

வில்லோவில் சில ரம்ப ஈக்கள் இலையை மடித்துத் தைத்ததுபோல் சுருட்டி வாழும். சில இலைப்பரப்பில் பட்டாணி அளவு கழலை எழுப்பும். சில நடுநரம்பிலும், சில காம்பிலும், மொட்டிலும், தண்டிலும் கழலை எழுப்பும். மாசிக்காய் பார்த்தவர்களுக்குக் கழலை என்றால் என்னவென்று தெரியும். அது ஓக் மரத்தில் வேறொரு குளவிக் குடும்பம் உண்டாக்குவது. இரண்டு கிளைகளும் இந்த வித்தையைத் தனித்தனியே கண்டுபிடித்தவை. ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: மாசிக்காய் வளர உள்ளே புழு இருக்க வேண்டும். வில்லோ ரம்ப ஈயில் தாய் முட்டையோடு செலுத்தும் சுரப்பே வேலையைத் தொடங்கிவிடும், முட்டை பொரியும் முன்பே கழலை வளரும்.

வாழும் முறை இவ்வளவு வேறுபடுவதால் பழைய வகைப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரினம் கொடுத்தது. இலை சுருட்டுபவை ஃபில்லோகால்பா, இலைக் கழலை பான்டானியா, தண்டுக் கழலை யூரா. பின்லாந்தின் டோம்மி நைமன் 2000ஆம் ஆண்டு முதல் டி.என்.ஏ. வரிசைகளை வைத்து வம்சவரைபடம் கட்டினார். இலை மடிப்பிலிருந்து இலைக் கழலை, அதிலிருந்து தண்டும் மொட்டும் என்ற படிப்படியான நகர்வு அதில் தெரிந்தது. அதாவது பழைய பேரினங்களில் ஒன்று மற்றொன்றின் வயிற்றிலிருந்து பிறந்தது. வில்லோ இனங்களின் உறவு வரிசையோடு பூச்சிகளின் வரிசை பொருந்தவில்லை. ஒரே இலைப்பகுதியில் கழலை எழுப்பும் பூச்சிகள் நெருங்கிய உறவினர், அவை இருக்கும் வில்லோக்கள் அப்படி அல்ல. வில்லோக்கள் முன்பே பிரிந்துவிட்டன, பூச்சி பின்னால் வந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. மரத்தை மாற்றுவது இலையிலிருந்து தண்டுக்கு மாறுவதைவிட எளிதாக இருந்திருக்கிறது.

2014இல் மார்க்கோ பிரவுஸ், நைமன் முதலானோர் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். உயர்நிலை நெமட்டினேவின் ஏராளமான பேரினங்களைக் கலைத்து, பெரும்பகுதியை யூராவுக்குள் போட்டார்கள். மூத்த பெயரே செல்லும் என்பது விதி, யூரா 1837இல் நியூமன் வைத்த பெயர். பூச்சி சேகரிப்பவர்களுக்கு இதில் எரிச்சல் இருக்கிறது. ‘கழலையைப் பார்த்தே பேரினம் சொன்னோம், இப்போது எல்லாம் யூரா’ என்று. எரிச்சல் நியாயம்தான், ஆனாலும் முன்பு சொன்னது பூச்சியின் பெயரல்ல, அதன் தொழிலின் பெயர்.

டி.என்.ஏ. மட்டும் போதும் என்றும் நினைக்கக்கூடாது. வழக்கமான ‘பார்கோடு’, மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து. நெமட்டினேவிலும் நியோடிப்ரியானிலும் இனங்கள் அவ்வப்போது கலந்ததால், மைட்டோகாண்ட்ரியா ஓர் இனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்திருக்கிறது. தெளிவாக வேறான இரண்டு இனங்கள் ஒரே பார்கோடு காட்டும். உட்கரு மரபணுக்களையும் ரம்பத்தையும் சேர்த்துப் பார்க்காமல் பெயர் வைத்தால் தவறும். ரம்பத்தைப் பார்க்க, வயிற்று நுனியை வெட்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒரு இரவு வைத்தால் தசை கரைந்துவிடும். சூடாக்கினால் சில நிமிடமே. அதிகம் விட்டால் பற்கள் வெளிறி எல்லை தெரியாது. பிறகு நீரில் கழுவி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, இரண்டு அலகுகளையும் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். சாய்ந்து கிடந்தால் பல்லின் வடிவமே மாறித் தெரியும்.

எந்தப் புழு எந்தச் செடி என்று அறிய வளர்த்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, பெரும்பாலானோர் தோற்பதும் இங்கேதான். தின்று முடித்த புழு பல இனங்களில் இன்னொருமுறை தோலுரித்து, உணவைத் தொடாமல் மண்ணைத் தேடும். அதை நோய் என்று எண்ணித் தூக்கியெறிவார்கள். சுட்டு ஆறவைத்த, ஈரம் கசியாத பீட் எனும் மட்கு மண் ஐந்து செ.மீ. ஆழம் வேண்டும். கூட்டுக்குள் அது முன்கூட்டுப்புழுவாகவே குளிர்காலம் முழுக்கக் கிடக்கும், சில இனங்கள் இரண்டு மூன்று ஆண்டும் கிடக்கும். நனைந்தால் பூஞ்சை, காய்ந்தால் சாவு.

வேதியியலுக்கு வருவோம். கடுகுக் குடும்பத்தின் காரம் குளுக்கோசினோலேட்டுகளிலிருந்து வருகிறது. அத்தாலியா ரோசே என்ற உறவினத்தின் புழு இவற்றைத் தன் உடல்திரவத்தில் சேர்த்துவைக்கும். அதன் தோல் வேண்டுமென்றே பலவீனமானது. எறும்பு கடித்தால் உடனே கிழிந்து ஒரு சொட்டு கசியும், எறும்பு விலகும். வளர்ந்த பூச்சி இன்னொரு செடியையும் நாடுகிறது. ஜப்பானில் இது நம் தழுதாழையின் உறவான கிளெரோடெண்ட்ரம் மரத்தின் இலைமேற்பரப்பை நக்கிச் சேர்க்கும் கசப்புச் சேர்மங்கள், அதன் இணைசேர்க்கை வெற்றியைக் கூட்டுகின்றன. பைன் ரம்ப ஈப் புழு பிசினைக் குடலுக்குள் விடாமல் முன்குடல் பைகளில் தேக்கி, எதிரி வந்தால் கக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்கிடே குடும்பத்தின் பெர்கா இதையே யூகலிப்டஸ் எண்ணெயில் செய்கிறது. இவை இரண்டும் நெருங்கிய குடும்பங்களல்ல.

அதே பெர்கிடே குடும்பத்தின் லோஃபிரோடோமா புழுக்கள் குயின்ஸ்லாந்தில் யூகலிப்டஸ் அடியில் குவியலாகச் செத்துக் கிடக்கும். மாடு அதைத் தின்றால் ஈரல் கெட்டுச் சாகும். காரணம் எண்ணெய் அல்ல, லோஃபிரோடோமின் என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடு. டென்மார்க்கில் பிர்ச் மர இலை தின்னும் ஆர்ஜே புல்லாட்டாவிலும் அதே நஞ்சு, அங்கே செத்தது ஆடு. தென் அமெரிக்காவில் மட்கிய இலை தின்னும் பெர்ரேயியாவிலும் அதே. மூன்றின் உணவுக்கும் எந்தத் தொடர்புமில்லை, தொடர்பு உறவில்தான்: ஆர்ஜிடேயும் பெர்கிடேயும் உடன்பிறந்த குடும்பங்கள். செடி தந்த நஞ்சு செடியோடு மாறும், மூதாதை தந்த நஞ்சு செடி மாறினாலும் தங்கும். ஃப்ளோரிடாவில் களையாகப் பரவிய மெலலூக்கா மரத்தை ஒழிக்க லோஃபிரோடோமாவின் இன்னோர் இனத்தைக் கொண்டுவரும் யோசனை இந்த நஞ்சினாலேயே கைவிடப்பட்டது.

மரத்துக்குள் போன கிளையின் பாதை தனி. சிரெக்ஸ் நாக்டிலியோ என்ற இனம் பைனைத் துளைத்து முட்டையோடு நச்சுக் கோழையும் அமைலோஸ்டீரியம் பூஞ்சையும் செலுத்தும். மரம் வாடும், பூஞ்சை கட்டையைப் பதப்படுத்தும், புழு வளரும். யூரேசியாவில் இது நலிந்த மரங்களோடு நின்றது. தெற்கு அரைக்கோளத்தில் பைன் தோட்டம் போட்டபோது பின்னாலேயே வந்தது: நியூசிலாந்தில் 1900 வாக்கில், டாஸ்மேனியாவில் 1952, உருகுவேயில் 1980, தென்னாப்பிரிக்காவில் 1994. டெலடீனஸ் என்ற நூற்புழு பெண்ணின் முட்டைகளுக்குள் புகுந்து மலடாக்கும், ஆஸ்திரேலியா அதை வளர்த்து மரத்தில் ஏற்றியது. 1987 முதல் 1989 வரை தெற்கு ஆஸ்திரேலிய, விக்டோரிய எல்லையில் 50 லட்சத்துக்கு மேல் மரம் அழிந்தது. ஆய்வகத்தில் பூஞ்சையை மட்டும் ஊட்டிப் பல ஆண்டு வளர்த்ததில் நூற்புழு ஒட்டுண்ணி குணத்தை இழந்திருந்தது. டாஸ்மேனியாவின் கமோனாவில் வீரியம் மாறாத வகையை மீண்டும் பிடித்து வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

இந்தக் கட்டை வாழ்க்கையிலிருந்தே ஒரூசிடே வந்தது. மரத்துக்குள் பூஞ்சை படர்ந்த கட்டையைத் தின்னும் புழுவுக்குப் பக்கத்திலேயே வண்டுப் புழுவும் இருக்கும், கட்டையைவிட அது சத்தான உணவு. ஒரூசஸ் பெண் உணர்கொம்பால் மரத்தைத் தட்டி, முன்காலில் அதிர்வை வாங்கி, உள்ளே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் துளையிடும். செடியை விட்டுப் பூச்சியைத் தின்னும் இந்தத் திருப்பத்திலிருந்துதான் ஒட்டுண்ணிக் குளவிகளும், அவற்றின் வழியே எறும்பும் தேனீயும்.

கோதுமைக் கதை மிக அண்மையது. வட அமெரிக்கப் புல்வெளியின் காட்டுப்புல் தண்டில் வாழ்ந்த செஃபஸ் சிங்டஸ் என்ற ரம்ப ஈ 1890களில் கோதுமைக்கு மாறியது. புழு தண்டின் அடியில் உள்சுற்றாக வளையம் அறுத்து, எச்சத்தால் அடைத்துக்கொண்டு கட்டைத்தாளில் குளிர்காலம் கழிக்கும். காற்றடித்தால் கதிர் சாயும். தண்டு உள்ளீடற்றதாக இருந்தால்தான் அது நகர முடியும். எனவே தண்டு நிறைந்த ரகங்கள் வந்தன, கனடாவில் 1946இல் ‘ரெஸ்க்யூ’. தண்டு நீளும் வாரங்களில் மேகமூட்டம் நீடித்தால் உள்சோறு நிரம்பாது, அந்த ஆண்டு ரகம் கைவிடும்.

இப்போது பரவிக்கொண்டிருப்பது எல்ம் வளைவு ரம்ப ஈ, அப்ரோசெரஸ் லூகோபோடா. கிழக்காசியப் பூச்சி. 2003இல் போலந்திலும் ஹங்கேரியிலும், 2020இல் கனடாவின் கியூபெக்கிலும் கண்டார்கள். ஆண் இல்லை, ஒரு பெண் வந்து இறங்கினால் போதும். எல்ம் இலையின் பல்விளிம்பு நுனியில் முட்டை வைக்கும், அந்த விளிம்பு எந்தக் கண்டத்து எல்மிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைமுறைக்கு ஒரு மாதத்துக்கும் குறைவு. கோடைக்கூடு இலையிலேயே தொங்கும் வலைபோன்ற மெல்லிய பை, குளிர்காலக்கூடு சருகிலும் மண்ணிலும் இருக்கும் கெட்டிச்சுவர்ப் பை. இளம்புழு இலைவிளிம்பிலிருந்து உள்நோக்கி வளைந்து வளைந்து தின்ற தடம் கிடைக்கிற சில நாளில் பார்த்துவிட வேண்டும். வளர்ந்த புழு நடுநரம்பைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிடும், அதற்குப் பிறகு எந்தப் பூச்சி தின்றது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.